பொட்டிபுரத்துக்கு வராத பொட்டிகள்!

ஆபீஸில் வேலை பார்க்கிறவரா நீங்கள்? அப்படியானால் இந்த வாக்கியத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள்: ‘சிஸ்டம் டவுன், சார்!’

சொல்பவர் முகத்தில் ஒரு தெய்வீக அமைதி இருக்கும். உடனே நாமும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, சோம்பல் முறித்து, ‘வாங்க, ஒரு டீ அடிச்சுட்டு வந்துரலாம்’ என்று கிளம்பிவிடுவோம். திரும்பி வந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். யாரோ ஒரு ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகியிருப்பார்கள். என்ன கோளாறு, எப்படிச் சரியாச்சு? செருகியவருக்கே தெரியாது!

ஆபீஸுக்கு இது போதும். ஃபேக்டரிக்குப் போதாது. நாம் டீ குடித்து முடிப்பதற்குள் அங்கே மூடி போடாத பாட்டில்கள் வரிசையாக ஓடிப் போயிருக்கும். ஆனால் வேடிக்கை பாருங்கள், ஆபீஸ் மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிற அதே ஈதர்நெட் ஒயர்தான் இன்று ஃபேக்டரி மெஷின்களையும் பேச வைக்கிறது. அந்த ஒயரை நம்பி, நம்ம ஊர் மலை ஒன்றுக்குள்ளே 28,800 பெட்டிகளைப் பேச வைக்க ஒரு திட்டம் போட்டார்கள். ஊர் பெயர் பொட்டிபுரம். (பெட்டியைப் பொட்டி என்று சொல்கிற ஜனங்கள் நாம். இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?)

நான் பி.காம். எலெக்ட்ரானிக்ஸில் என் சாதனை, வீட்டில் ஃப்யூஸ் போட்டதோடு சரி. ஆனாலும் இந்தக் கதை எனக்குப் புரிந்தது. ஏன் என்றால், இது அடிப்படையில் ஒரு கணக்குப்பிள்ளையின் கதை!

போடிநாயக்கனூருக்கு இப்போது ரயில் இருக்கிறது. மீட்டர் கேஜைப் பிடுங்கி, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காக்க வைத்து, 2023 ஜூனில் அகல ரயில் வந்து சேர்ந்தது. இறங்கினால் ஏலக்காய் ஊர். மேலே மலையில் விளைகிற ஏலம் கீழே போடிக்கும் வந்து ஏலம் போகிறது. (தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். வியாபாரிகளுக்கு ரொம்ப வசதி!) தேவாரம் பக்கம் போனால் பொட்டிபுரம், உத்தமபாளையம் தாலுகா. அதன் தலைமாட்டில் 1,589 மீட்டர் உயரத்தில் அம்பரப்பர் மலை. முழுக்க சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை. இந்த மலையின் வயிற்றுக்குள் சுமார் 2 கிலோமீட்டருக்குச் சுரங்கப் பாதை குடைந்து, அதன் முடிவில் 132 மீட்டர் நீளத்துக்கு ஒரு குகை அமைத்து நியூட்ரினோவைப் பிடிப்பதாகத் திட்டம்.

நியூட்ரினோ என்பது என்ன? உங்கள் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். பார்த்த ஒரு விநாடியில் சூரியனிலிருந்து கிளம்பிய சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் அதைத் துளைத்துக்கொண்டு போய்விட்டன. வலிக்கவில்லை அல்லவா? அதுதான் பிரச்னை. எதோடும் ஒட்டாது, உறவாடாது. கடன்காரனைப் பார்த்த மாதிரி எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். லட்சம் கோடியில் ஒன்று எப்போதாவது ஓர் அணுவில் மோதும். அந்த ஒன்றைப் பிடிக்க, மற்ற சத்தங்கள் கேட்காத இடம் வேண்டும். வானத்திலிருந்து கொட்டுகிற காஸ்மிக் கதிர்களை வடிகட்ட, தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். உலகத்திலேயே முதல் சில பதிவுகளில் அது ஒன்று. தங்கம் தீர்ந்தது, சுரங்கத்தை மூடினார்கள், ஆராய்ச்சியும் நின்றது. விட்ட இடத்தில் தொடரத்தான் பொட்டிபுரம்.

இனி பெட்டிக்கு வருவோம்.

மொத்த எடை 50,000 டன் இரும்பு. 5.6 சென்டிமீட்டர் தடிமனில் 151 அடுக்கு இரும்புத் தகடுகள். அடுக்குகளுக்கு நடுவே 150 சந்து. ஒவ்வொரு சந்திலும் கண்ணாடியால் செய்த, சுமார் 2 மீட்டருக்கு 2 மீட்டர் சைஸ் தட்டைப் பெட்டிகள். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு, மேலே சுமார் 10,000 வோல்ட். மின்சாரத் துகள் ஒன்று குறுக்கே போனால் குட்டியாக ஒரு மின்னல் வெட்டும். எந்த இடத்தில் வெட்டியது என்று சொல்ல, நெடுக்கில் 64, குறுக்கில் 64 செம்புப் பட்டைகள்.

இப்போது கணக்கு. ஒரு சந்துக்கு 64 பெட்டி, 150 சந்து, இப்படி மூன்று தொகுதி. பெருக்குங்கள்: 28,800 பெட்டி. பெட்டிக்கு 128 பட்டை. மறுபடி பெருக்குங்கள்: 36,86,400!

முப்பத்தாறு லட்சத்துச் சொச்சம் பட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் இழுத்து கண்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுபோனால், குகையில் இரும்பு வைக்க இடம் இருக்காது. ஒயர்தான் இருக்கும்!

பழைய ஃபேக்டரிகள் இந்த வேதனையை நன்றாக அறியும். ஒரு காலத்தில் ஒவ்வொரு சென்சாருக்கும், ஒவ்வொரு வால்வுக்கும், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனி ஒயர். எல்லாம் போய்ச் சேருகிற கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் சேமியா பாயசம் மாதிரி இருக்கும். 1968 வாக்கில் பி.எல்.சி. என்கிற கண்ட்ரோல் கம்ப்யூட்டர் பிறந்தது. 1979-ல் மாடிகன் கம்பெனி ‘மாட்பஸ்’ என்று ஒரு மொழியைக் கொண்டுவந்தது. ஒரே ஒயரில் பல கருவிகள், முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டவர் மட்டும் பதில் சொல்வார். அப்புறம் ஆளாளுக்கு ஒரு மொழி. ஒரு கம்பெனி மெஷினுக்கு இன்னொரு கம்பெனி மெஷின் பேசுவது புரியாது. கடைசியில் எல்லோரும் வந்து நின்ற இடம் ஈதர்நெட்.

ஈதர்நெட்டை யோசித்தவர் பாப் மெட்காஃப். 1973 மே 22 அன்று அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் எழுதிய ஒரு குறிப்புதான் ஆரம்பம். டேவிட் பாக்ஸ் என்ற சகாவோடு சேர்ந்து கட்டினார். தத்துவம் ரொம்ப எளிமை, நம்ம ஊர்க் கூட்டம்தான். யாரும் பேசாத நேரம் பார்த்துப் பேசு. இரண்டு பேர் ஒரே சமயத்தில் வாயைத் திறந்துவிட்டால் இருவரும் நிறுத்து. ஆளுக்கொரு கணம் பொறுத்து மறுபடி ஆரம்பி.

ஆபீஸுக்கு ஓகே. ஃபேக்டரிக்காரன் சும்மா இருப்பானா? ‘அய்யா, பிரஸ்ஸில் கை மாட்டப் போகுது, நிறுத்துன்னு சொல்றப்ப ஒரு கணம் பொறுத்து ஆரம்பின்னா எப்படி?’ என்றான். நியாயம்தான். அதற்காக வந்தது ஸ்விட்ச். கூட்டத்தில் கத்துவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு தனி டெலிபோன் லைன் கொடுத்த மாதிரி. மோதலே கிடையாது. அதற்கு மேலும் அவசரக்காரர்களுக்கு 2003-ல் ஜெர்மனியின் பெக்காஃப் கம்பெனி ஈதர்கேட் கொண்டுவந்தது. பழைய மீட்டர் கேஜ் ரயிலில் பார்த்திருப்பீர்கள். வண்டி நிற்காது, ஆனால் ஸ்டேஷனில் நிற்கிறவரிடம் டிரைவர் ஒரு வளையத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொண்டு போவார். அதே டெக்னிக்! ஒரே செய்தி வரிசையாக எல்லா மெஷின் வழியாகவும் ஓடும். ஒவ்வொன்றும் ஓடுகிற வண்டியிலேயே தனக்கு வந்ததை எடுத்து, தன்னுடையதைப் போட்டுவிடும்.

பொட்டிபுரத் திட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? 128 பட்டை ஒயரையும் பெட்டியைவிட்டு வெளியே விடவில்லை. ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் ஒரு குட்டி கம்ப்யூட்டர் கார்டு வைத்தார்கள். மின்னல் எந்தப் பட்டையில், எப்போது வெட்டியது என்று அதுவே குறித்துக்கொள்ளும். குறித்ததை ஓர் ஈதர்நெட் ஒயரில் அனுப்பிவிடும். 28,800 பெட்டியும் 28,800 நெட்வொர்க் விலாசங்கள். 36 லட்சம் ஒயர் காலி!

அனுப்பியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. முழுக்க முழுக்க காமர்ஸ் சார்!

செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் கொடுக்கிறார்கள். இது வவுச்சர் நம்பர். 41-ம் 43-ம் இருந்து 42 இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் உள்ளே இருக்கிற எண்களை வைத்துப் போட்ட ஒரு கணக்கு. இது டோட்டல். வாங்குகிறவர் தானும் ஒரு டோட்டல் போடுவார். டேலி ஆகவில்லையா? துண்டு குப்பைக்கு! ஒழுங்காக வந்ததற்கு ‘வந்து சேர்ந்தது’ என்று ஒப்புகை போகும். ஒப்புகை வரவில்லை என்றால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். டி.சி.பி. என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அது இந்த ரிஜிஸ்டர்டு தபால் வித்தைதான்.

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் ஈதர்நெட்டை நம்பவில்லை. நேரம். துகள் கீழிருந்து மேலே போச்சா, மேலிருந்து கீழே வந்துச்சா என்று தெரிய வேண்டும். பூமியைத் துளைத்துக்கொண்டு வந்த நியூட்ரினோவின் சேதி கீழிருந்து மேலேதான் போகும். 14.5 மீட்டர் உயரத்தைத் தாண்ட ஒளிக்கு ஆகிற நேரமே ஒரு விநாடியில் நூறு கோடியில் ஐம்பது பங்குக்குள். ஈதர்நெட் ஸ்விட்சில் ஒரு செய்தி வரிசையில் நிற்கிற நேரம் இதைவிடப் பல மடங்கு. அதனால் எல்லாப் பெட்டிக்கும் பொதுக் கடிகாரத் துடிப்பைத் தனி ஒயரில் கொடுப்பதாக ஏற்பாடு. சேதி பஸ்ஸில் வரட்டும், சேதி நடந்த நேரம் மட்டும் கைக்கடிகாரப்படி!

சரி, பேச வைத்தாயிற்று. பேச்சு நின்றுபோனால்?

தேனிப் பக்கத்து மில் ஒன்றில் என் நண்பன் மெயின்டனன்ஸ் பார்த்தான். (மில் பெயர் வேண்டாம், அவன் குடும்பஸ்தன்.) ஒரு நாள் காலையில் சிவந்த கண்ணோடு வந்தான்.

‘மாப்ளே, ராத்திரி ரெண்டு மணிக்கு மொத்த மில்லும் ஊமையாப் போச்சுடா. மெஷின் ஓடுது. ஆனா ஒண்ணுகூட கம்ப்யூட்டர்ல தெரியல. ஸ்விட்சுல இருக்கிற எல்லா லைட்டும் வெறி பிடிச்ச மாதிரி மின்னுது. கரகாட்டம் தோத்துரும்!’

‘வைரஸா?’

‘வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம ஆளு ஒருத்தன் சுத்தம் பண்றேன்னு வந்திருக்கான். ஒரு ஒயரோட முனை சும்மா தொங்கிருக்கு. பாவமேன்னு எடுத்துக் காலி ஓட்டையில சொருகிட்டான். அந்த ஒயரோட இன்னொரு முனையும் அதே ஸ்விட்சுல இருந்துச்சு!’

தன் வாலைத் தானே கடித்த பாம்பு! எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி அந்த வட்டத்துக்குள் போய் சுற்றிச் சுற்றி, பெருகிப் பெருகி, மற்ற பேச்சு எதுவும் நுழைய முடியாமல் அடைத்துவிட்டது. இதற்கு மருந்து ரொம்ப நாளாகவே இருக்கிறது. ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-லேயே வட்டம் எங்கே உண்டானாலும் ஸ்விட்ச்சுகளே பேசி வைத்து ஒரு வழியை மூடிக்கொள்ள உபாயம் கண்டுபிடித்துவிட்டார். அந்த வசதி உள்ள ஸ்விட்ச் கொஞ்சம் விலை கூட. மில்லில் வாங்கியது விலை குறைந்தது. ஒரு ராத்திரியின் உற்பத்திக் கணக்கு, மிச்சம் பிடித்த காசைவிட எத்தனை மடங்கு என்று சொல்ல பி.காம். தேவையில்லை.

நண்பன் இன்னொன்றும் சொன்னான். ‘ஒரேயடியா செத்தா கண்டுபிடிச்சுருவேன் மாப்ளே. பாதி சாகுறதுதான் கொல்லும்.’

எவ்வளவு சத்தியம்! வவுச்சர் கதையை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒயர் கொஞ்சம் நைந்திருக்கிறது. மோட்டார் கேபிளை ஒட்டியே ஓடுகிறது. நூறில் இரண்டு துண்டு டேலி ஆகவில்லை. டி.சி.பி. என்ன செய்யும்? சத்தம் போடாமல் மறுபடி அனுப்பும். மேலே பார்க்கிறவருக்கு எல்லாம் சரி, கொஞ்சம் ஸ்லோ. அவ்வளவுதான். வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்லாத அம்மா மாதிரி, அது சமாளிக்கச் சமாளிக்க நோய் வளரும். ஒருநாள் நச்சென்று நிற்கும்.

அதனால் நல்ல மெயின்டனன்ஸ்காரன், ‘ஓடுதா?’ என்று மட்டும் கேட்க மாட்டான். ‘எத்தனை தடவை மறுபடி அனுப்பினே?’ என்று கேட்பான். ஸ்விட்சின் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிழைக் கணக்கு உண்டு. டேலி ஆகாத துண்டு இத்தனை என்று எண்ணிக்கொண்டே இருக்கும். நேற்று 3, இன்று 300 என்றால் அந்த ஒயரைப் போய்ப் பார். எங்கே அறுந்திருக்கிறது என்றும் தெரியணுமா? ஒயருக்குள் ஒரு துடிப்பை விட்டு, அடிபட்டுத் திரும்பி வருகிற நேரத்தைக் கணக்குப் போட்டால் ‘37-வது மீட்டரில்’ என்று சொல்கிற கருவி இருக்கிறது. கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்க்கிற வித்தை!

பொட்டிபுரத்துப் பெட்டிகளுக்கு இது உயிர்ப் பிரச்னை. இரும்புக்கு நடுவே 4 சென்டிமீட்டர் சந்தில் இருக்கிறதை ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்க முடியாது. ஆகவே பெட்டி தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தானே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பட்டையும் சும்மா இருக்கும்போது விநாடிக்கு எத்தனை தடவை சிலிர்க்கிறது என்று எண்ணிச் சொல்லும்படி கார்டை வடிவமைத்தார்கள். திடீரென்று அதிகமானால் சத்தக் கோளாறு. ஒன்றுமே இல்லையென்றால் பட்டை செத்துவிட்டது. கூடவே வெப்பம், ஈரம், காற்றழுத்தம் எல்லாம் பதிவாகும். நாடித் துடிப்பு, காய்ச்சல், பிரஷர்... பக்காவான கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி சார்ட்!

இதெல்லாம் பேப்பரில் மட்டும் இல்லை. மதுரையில் 2018 முதல் ‘மினி’ ஒன்று ஓட்டிப் பார்த்தார்கள். 85 டன் இரும்பு, 11 அடுக்கு, நடுவே 20 பெட்டி. காந்தம் போட்டு, வானத்துத் துகள்களைப் பிடித்து, ஒயர் வழியே சேதி வாங்கினார்கள். வேலை செய்தது.

28,800-ல் 20. மீதி?

மீதி வரவில்லை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அதே வருஷம் மதுரை ஐகோர்ட் கிளையில் வழக்கு, தடை. 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுபடி கொடுத்தது. வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்றது தீர்ப்பாயம். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது: மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் நடுவே புலி நடமாடும் பாதை இது, அனுமதிக்க முடியாது.

இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் நண்பனின் பாடத்தை வைத்துக்கொண்டு இந்தச் சண்டையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எந்த ஓட்டையில் எத்தனை பிழை என்று யாருமே தனித்தனியாக எண்ணவில்லை!

‘நியூட்ரினோ வந்தால் கதிர்வீச்சு வரும், ஏலக்காய் கருகிவிடும்’ என்று ஒரு பயம். இது வெறும் சத்தக் கோளாறு. மேலே நகத்தில் பார்த்தோமே, அது ஆதாம் காலத்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏலக்காயும் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ‘வெடி வைத்தால் பாறைக்கு என்ன ஆகும், தண்ணீர் ஊற்று என்ன ஆகும், லட்சக்கணக்கான டன் கல்லை எங்கே கொட்டுவீங்க, லாரி போனா தூசி யார் வீட்டுக்கு வரும், புலி எந்த வழியாப் போகும்’ என்று இன்னொரு வரிசை. இது நிஜப் பிழை. அளந்து, கணக்குக் காட்டி, பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஒரு பக்கம் இரண்டையும் ஒன்றாக்கி ‘ஆபத்து’ என்றார்கள். இன்னொரு பக்கம் இரண்டையும் ஒன்றாக்கி ‘அறியாமை’ என்றார்கள். மொத்தத்துக்கும் ஒரே சிவப்பு லைட்!

விஞ்ஞானிகள் ஊர் ஊராகப் போய் விளக்கவே இல்லையா என்றால், போனார்கள். கூட்டம் போட்டார்கள், படம் காட்டினார்கள். ஆனால் நெட்வொர்க் பாஷையில் அதற்குப் பெயர் பிராட்காஸ்ட். எல்லோருக்கும் என்று அனுப்புவது. அதற்கு ஒப்புகைச் சீட்டு கிடையாது. போய்ச் சேர்ந்ததா, எந்தத் துண்டு காணாமல் போச்சு, எதை மறுபடி அனுப்பணும் என்று அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. பொட்டிபுரத்து விவசாயி கேட்ட கேள்விக்கு ‘உங்க கேள்வி வந்து சேர்ந்தது, நம்பர் இது, பதில் இது’ என்று ஒரு ஒப்புகை போயிருக்க வேண்டாமா? ஒரு பெட்டிக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டில் பாதியாவது ஊருக்குச் செய்திருக்கலாம்.

உலகம் காத்திருக்கவில்லை. சீனாவில் ஜியாங்மென் பக்கத்தில் பூமிக்கடியில் 20,000 டன் திரவம் நிரப்பிய ஜூனோ, எந்த நியூட்ரினோ கனம், எது லேசு என்ற அதே கேள்விக்கு விடை தேடி 2025 ஆகஸ்டில் வேலையை ஆரம்பித்துவிட்டது. வழி வேறு, கேள்வி ஒன்றுதான்.

ஆனால் படித்த வித்தை வீண் போகாது. பெட்டிக்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டர், அதற்கு ஒரு விலாசம், தன் நோயைத் தானே சொல்கிற பழக்கம்... இது இன்று எந்த மில்லுக்கும், எந்த பால் பண்ணைக்கும் வேண்டிய படிப்பு. வேலை தேடுகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: புரோகிராம் எழுத ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, முப்பது ஓட்டையில் எந்த ஓட்டை பொய் சொல்கிறது என்று பொறுமையாகக் கண்டுபிடிக்கிறவனைத்தான் மேனேஜர் வீட்டுக்குக் கார் அனுப்பிக் கூப்பிடுகிறார். என் நண்பனுக்கு அந்தக் கார் இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது.

அம்பரப்பர் மலை பழையபடியே நிற்கிறது. நியூட்ரினோக்கள் அதன் ஊடே போய்க்கொண்டிருக்கின்றன, யார் அனுமதியும் கேட்காமல். புலிக்கு மட்டும்தான் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது!